புதுவயல் ஆலையில் காணாமல் போன எண்கள்: ஜிசிசி டிரைவருடன் எங்கள் அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:

எங்கள் ஐயா இளம் வயதில் பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். மேலாள் (வேலைகளைப் பிரித்துக் கொடுத்துக் கடையை நடத்துபவர்), அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற சொற்கள் இன்றும் எங்கள் வீட்டில் புழங்குகின்றன. ஜிசிசி (GCC) என்றால் கம்பைலர், அதாவது நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள் என்றே பல ஆண்டுகளாக எண்ணியிருந்த எனக்கு, அந்தப் பெயரில் ஓடுவது ஒரு மேலாள்தான் என்பது விளங்கிய நாளைப் பற்றி இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்) ஜிசிசி என்று தட்டினால் முதலில் ஓடுவது டிரைவர் என்னும் நிரல். அது சி மொழிக் கோப்பை சிசி1 என்ற உண்மையான கம்பைலரிடம் கொடுக்கிறது. அங்கிருந்து வரும் அசெம்பிளியை (இயந்திர மொழிக்கு மிக நெருங்கிய உரையை), அதை இயந்திர மொழியாக்கும் ஏஎஸ் என்ற அசெம்பிளரிடம் கொடுக்கிறது. கிடைத்த ஆப்ஜெக்ட் கோப்புகளை (இயந்திர மொழித் துண்டுகளை) கலெக்ட்2 என்ற துணை நிரலின் வழியாக, அவற்றை ஒன்றாக இணைக்கும் எல்டி என்ற லிங்கரிடம் சேர்க்கிறது. எந்த வேலையை யாரிடம், எந்த வரிசையில், எந்தக் குறிப்புகளோடு கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே டிரைவருக்குத் தெரிந்த தொழில். ஆனால் அந்தக் குறிப்புகளில் பாதிக்கு மேல் நாம் எழுதியவை அல்ல என்பதை நான் கவனித்ததே இல்லை.

புதுவயலில் உள்ள ஓர் அரிசி ஆலைக்காக, நெல்லை உலர்த்தும் டிரையருக்குள் செல்லும் சூடான காற்றின் வெப்பநிலையைக் காட்டும் சிறிய கருவி ஒன்றைச் செய்து கொடுத்திருந்தேன். அதில் இருந்தது, நிரலைச் சேமிக்க 64 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகமும் 20 கிலோபைட் ரேமும் கொண்ட எஸ்டிஎம்32 எஃப்103 வகைச் சிப். ஆலைக்காரர் கேட்டதற்காக மெனு ஒன்றைச் சேர்த்ததும், ஃபிளாஷ் பகுதி நிரம்பி வழிகிறது என்று சொல்லி லிங்கர் மறுத்துவிட்டது. எங்கோ படித்த நினைவில், மேக்ஃபைலில் (நிரலை உருவாக்கும் கட்டளைகளை எழுதிவைக்கும் கோப்பில்) ஸ்பெக்ஸ் என்ற ஃபிளாகை, அதாவது கட்டளையோடு சேர்க்கும் குறிப்பைப் போட்டு, டிரைவருக்கான விதிகள் கொண்ட நானோ ஸ்பெக்ஸ் கோப்பின் பெயரைக் கொடுத்தேன். அளவு கணிசமாகக் குறைந்து, ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் பில்ட் முடிந்தது. ரிலே (மின் சுவிட்ச்) வேலை செய்கிறதா என்பதை மட்டும் மேசையில் வைத்துச் சோதித்துவிட்டுக் கருவியை அனுப்பினேன். அது என் பிழை.

மறுநாள் காலையில் டிரையர் பார்ப்பவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, டெம்ப்னு எழுத்து வருது, கடைசியில சி வருது, நடுவுல நம்பரைக் காணோமே" என்றார். நேரில் போய்ப் பார்த்தேன். தவிட்டுத் தூசி படிந்த திரையில் அவர் சொன்னபடியே இரண்டு சொற்களுக்கு நடுவில் வெற்றிடம் இருந்தது. சென்சார் அறுந்திருந்தால் தவறான எண்ணாவது வந்திருக்க வேண்டும். எண்ணே வராமல் போவதற்குக் காரணம் எதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

வீட்டுக்குத் திரும்பி, முகப்புத் திண்ணையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, அதே லிங்க் கட்டளையோடு -### என்ற ஃபிளாகைச் சேர்த்து ஓட்டினேன். இந்த ஃபிளாகைக் கொடுத்தால் டிரைவர் எந்த வேலையையும் செய்யாமல், தான் யாரை என்னென்ன சொல்லி அழைக்கவிருந்தது என்பதை முழுமையாக எழுதிக் காட்டும். எத்தனையோ ஆண்டுகளாக அந்தக் கருவி என் கையிலேயே இருந்தும் ஒருமுறைகூட அதைக் கேட்டதில்லையே என்ற வருத்தம் அப்போது உண்டானது. கலெக்ட்2 என்று தொடங்கி நான்கைந்து வரிகள் நீண்ட அந்தக் கட்டளையின் கடைசிப் பகுதியில், வழக்கமான சி லைப்ரரி (தயாராக எழுதிவைத்த சார்புகளின் தொகுப்பு) இருக்க வேண்டிய இடத்தில் சி நானோ என்ற வேறொரு லைப்ரரியின் பெயர் இருந்தது. மேக்ஃபைலில் நான் அதை எழுதவில்லை. நானோ ஸ்பெக்ஸ் கோப்பைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஒரே திரைக்குள் அடங்கிவிடும் அந்தச் சிறிய உரைக்கோப்பு, டிரைவரின் உள்ளே இருக்கும் லிங்க் விதிக்கு வேறு பெயர் சூட்டி ஒதுக்கிவைத்து, அதே பெயரில் புதிய விதி ஒன்றை எழுதி, பெரிய லைப்ரரி கேட்கப்படும் இடங்களிலெல்லாம் சிறியதை மாற்றி வைக்கிறது. நியூலிப் நானோ எனப்படும் அந்தச் சிறிய லைப்ரரியில் எழுத்துகளையும் எண்களையும் அச்சிடும் பிரின்ட்எஃப் சார்பு, இடத்தை மிச்சப்படுத்துவதற்காகத் தசம எண்களை அச்சிடும் பகுதியைத் தானாக இணைத்துக்கொள்வதில்லை. வேண்டுமென்றால், பிரின்ட்எஃப் ஃபுளோட் என்ற குறியீட்டை யு ஃபிளாகின் வழியாக லிங்கரிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்டு வாங்கினேன், எண்கள் திரும்பின. ஆனால் ஃபிளாஷ் மறுபடியும் விளிம்புவரை வந்துவிட்டதால், வெப்பநிலையைப் பத்தால் பெருக்கி முழு எண்ணாக வைத்துக்கொண்டு, புள்ளியை நானே இடும்படி நிரலை மாற்றிவிட்டேன். இத்தகைய கருவிகளுக்கு இதுவே சரியான வழி என்பது என் கருத்து.

அதன் பிறகுதான் எனக்கென்று ஒரு ஸ்பெக்ஸ் கோப்பு எழுதத் துணிந்தேன். ஒவ்வொரு கருவிக்கும் மேக்ஃபைலில் அதே பத்துப் பன்னிரண்டு லிங்கர் ஃபிளாகுகளை நகலெடுத்துக்கொண்டிருந்ததும், அவற்றில் ஒன்றை ஒரு திட்டத்தில் விட்டுவிட்டு அவதிப்பட்டதும்தான் அதற்குக் காரணம். டம்ப்ஸ்பெக்ஸ் என்ற ஃபிளாகைக் கொடுத்தால் டிரைவருக்குள் இருக்கும் விதிகள் அனைத்தும் அச்சாகும். முதல் பார்வையில் சதவீதக் குறிகளும் அடைப்புகளும் நிறைந்த காடாகத் தெரிந்தாலும், ஒரு மாலை முழுவதும் பொறுமையாக அமர்ந்தால் வழி பிடிபட்டுவிடுகிறது.

இரண்டு இடங்களில் இடறினேன். லைப்ரரி விதியின் பெயரை எழுதி அதன்கீழ் என்னுடைய லைப்ரரியை மட்டும் குறிப்பிட்டபோது, ஏற்கெனவே இருந்த விதி முழுவதும் அழிந்துபோய், நினைவகத்தில் தரவை நகலெடுக்கும் மெம்காப்பி என்ற அடிப்படைச் சார்புகூடக் கிடைக்கவில்லை என்று லிங்கர் பக்கம் பக்கமாகப் புலம்பியது. விதியின் தொடக்கத்தில் ஒரு கூட்டல் குறி இட்டால்தான் பழையதன் பின்னால் புதியது சேரும். அடுத்து, கட்டளை வரியில் எழுதும் பழக்கத்தில் லிங்க் விதிக்குள்ளும் டபிள்யூஎல் என்ற முன்னொட்டைச் சேர்த்துவிட்டேன். அந்த முன்னொட்டு, "இதை லிங்கரிடம் கொடு" என்று நாம் டிரைவருக்குச் சொல்லும் சொல். லிங்க் விதியில் எழுதுவது நேரே லிங்கருக்கே போவதால் அங்கே அதற்கு இடமில்லை. இப்போது அந்த ஸ்பெக்ஸ் கோப்பு ஒவ்வொரு திட்டத்தின் கிட் களஞ்சியத்திலும் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் இடத்திலும்) நிரலோடு சேர்ந்தே இருக்கிறது.

காரைக்குடியில் கணினி ஆய்வகம் நடத்தும் ஓர் ஆசிரியை:

மேலே எழுதிய நண்பரின் அனுபவம், முதலாண்டு மாணவர்களிடம் நான் ஆண்டுதோறும் காணும் ஒரு குழப்பத்தை நினைவூட்டியது. இரண்டின் வர்க்கமூலத்தை அச்சிடும் நிரலை எழுதச் சொன்னால், கணித லைப்ரரியைக் கேட்காமலேயே எல்லோருக்கும் ஓடிவிடும். அந்த எண்ணை ஸ்கேன்எஃப் மூலம் பயனரிடமிருந்து வாங்கும்படி மாற்றச் சொன்னதும், ஸ்கொயர் ரூட் சார்பு கிடைக்கவில்லை என்று பாதி வகுப்பு எழுந்து நிற்கும். நிரலில் எண் மாறிலியாக இருந்தபோது கம்பைலரே விடையைக் கணக்கிட்டு எழுதிவிட்டதால் லைப்ரரி தேவைப்படவில்லை. எண் ஓடும்போதுதான் தெரியும் என்ற நிலை வந்ததும் தேவைப்படுகிறது. உடனே லைப்ரரி ஃபிளாகைச் சேர்க்கிறார்கள். அதைக் கோப்பின் பெயருக்கு முன்னால் எழுதினால் எங்கள் உபுண்டு கணினிகளில் அதே பிழை திரும்ப வருகிறது. லிங்கர் இடமிருந்து வலமாகப் படிப்பதால், அதுவரை எவரும் கேட்காத லைப்ரரியை அது விட்டுவிட்டுப் போய்விடுகிறது.

ஒரு முறை ஒரு மாணவி, ஜிசிசி என்பதற்குப் பதிலாக ஜி பிளஸ் பிளஸ் என்று தட்டினால் ஃபிளாக் எதுவும் இல்லாமலே ஓடுகிறதே, அம்மா, ஏன் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காக அன்றைய பாடத் திட்டத்தையே ஒதுக்கிவைத்தேன். டிரைவர் அழைக்கும் கட்டளைகளைக் காட்டும் வி ஃபிளாகை இரண்டு கட்டளைகளுக்கும் சேர்த்து ஓட்டச் சொல்லி, வரும் வரிகளைக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுத வைத்தேன். ஜி பிளஸ் பிளஸ் என்ற டிரைவர், சி பிளஸ் பிளஸ் லைப்ரரியோடு கணித லைப்ரரியையும் தானே கடைசியில் சேர்த்துக்கொள்வதை அவர்களே கண்டுபிடித்தார்கள். மேலும், சிசி1 இருக்க வேண்டிய இடத்தில் சிசி1பிளஸ் இருந்ததைக் கண்ட இன்னொருவன், அப்படியானால் நம் சி நிரலை இது சி பிளஸ் பிளஸ் ஆகவே படிக்கிறதா என்று கேட்டான். ஆம், அப்படித்தான் படிக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் தீர்வாகத் தெரிந்த ஒன்று மொழியையே மாற்றிவிட்டது என்பதை அந்த வகுப்பு தானாகவே உணர்ந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

தேவகோட்டையிலிருந்து:

என்னுடையது சிறிய செய்திதான். டிரைவர், கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் பின்னொட்டைப் பார்த்தே வேலையைப் பிரிக்கிறது. அசெம்பிளிக் கோப்பின் முடிவில் பெரிய எஸ் இருந்தால் முதலில் பிரீபிராசசருக்கு (டிஃபைன் போன்ற வரிகளை முன்கூட்டியே விரிக்கும் நிரலுக்கு) அனுப்பும். சிறிய எஸ் இருந்தால் நேரே அசெம்பிளரிடம் கொடுத்துவிடும். ஏஆர்எம் சிப்புக்கான தொடக்கக் கோப்பு ஒன்று எங்கள் குழுவில் சிறிய எஸ்ஸோடு சேமிக்கப்பட்டிருந்தது. அதில் இருந்த டிஃபைன் வரிகள் # குறியில் தொடங்கியதால் அசெம்பிளர் அவற்றைக் குறிப்புரை என்று எண்ணித் தாண்டிவிட்டது. அடுக்கின் (ஸ்டாக் நினைவகத்தின்) அளவைக் குறிக்கும் பெயர் எங்கும் வரையறுக்கப்படவில்லை என்ற பிழை கடைசியில் லிங்கரிடமிருந்து வந்தது. வரையறை கண் முன்னே இருக்கும்போது இல்லை என்று சொல்கிறதே என்று இரண்டு நாட்கள் தேடினோம். ஓர் எழுத்தைப் பெரிதாக்கியதும் தீர்ந்தது.

காரைக்குடி அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் குழு கிளாங் என்ற வேறொரு கம்பைலருக்கு மாறவிருக்கிறது. உங்களுடைய ஸ்பெக்ஸ் கோப்பை அப்படியே பயன்படுத்த முடியுமா?

காரைக்குடியிலிருந்து மீண்டும்:

முடியாது, தம்பி. கிளாங்கின் டிரைவர் ஜிசிசியின் ஸ்பெக்ஸ் கோப்புகளைப் படிப்பதில்லை. அதற்கு மாற்றாக, ஃபிளாகுகளை ஓர் உரைக்கோப்பில் எழுதி கான்ஃபிக் என்ற ஃபிளாகின் மூலம் கொடுக்கும் வசதி அதில் உண்டு. விதிகளைப் பெயர் மாற்றி வைப்பது போன்ற நுணுக்கங்கள் அதில் இல்லாவிட்டாலும், நீங்கள் கட்டளை வரியில் எழுதும் அனைத்தையும் அங்கே எழுதலாம். ஆகவே டபிள்யூஎல் முன்னொட்டு அங்கே தேவைப்படும். -### கிளாங்கிலும் அப்படியே வேலை செய்கிறது. மாறுவதற்கு முன் இரண்டு டிரைவர்களிலும் அதே லிங்க் கட்டளையை அந்த ஃபிளாகோடு ஓட்டி, வரும் லைப்ரரிப் பெயர்களை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். குறிப்பாக, நானோ லைப்ரரியை நம்பியிருக்கும் கருவி ஏதேனும் உங்களிடம் இருந்தால், திரையில் எண் வருகிறதா என்பதையும் பார்த்துவிட்டே அனுப்புங்கள்.