புதுப்பிப்பு: கோபோல் நிரலை வலைச் சேவையாக்கியதில் வந்த பிழை தீர்ந்தது

ஐபிஎம் பெருங்கணினியில் பரிவர்த்தனைகளைக் கையாளும் சிஐசிஎஸ் மென்பொருளில் ஓடும், கோபோல் என்ற நிரல்மொழியில் எழுதிய எங்கள் பழைய நிலுவைக் கணக்கு நிரலை வலைச் சேவையாக வெளியிட்ட பின், சில கோரிக்கைகள் மட்டும் ஏஎஸ்ஆர்ஏ பிழையுடன் (செல்லாத தரவு போன்றவற்றால் நிரல் நடுவிலேயே நின்றதைச் சொல்லும் சிஐசிஎஸ் குறியீடு) முறிவதாக முன்பு எழுதியிருந்தேன், காரணம் கிடைத்துவிட்டது. தொகைக்குரிய புலம் காம்ப்-3 வகையைச் சேர்ந்தது, அதாவது ஒவ்வோர் இலக்கத்துக்கும் குறிக்கும் அரைபைட் வீதம், 9 இலக்கங்களும் கூட்டல் கழித்தல் குறியும் 5 பைட்டுகளுக்குள் அடங்கும் வடிவம். முன்பு பயன்பட்ட பச்சைத் திரை நிரல் (எழுத்து மட்டும் காட்டும் முனையத்துக்கானது), கணக்கு நிரலை அழைக்கும் முன்பே அதில் பூஜ்யத்தை இட்டுவைத்தது. வலைக் கோரிக்கையை மூல நிரலுக்குக் கொண்டுசெல்ல நாங்கள் எழுதிய இடைநிரலோ, தொகை வராத கோரிக்கைகளில் அந்த இடத்தை வெற்றெழுத்துகளால் (ஸ்பேஸ்) நிரப்பியது. பெருங்கணினி எழுத்துகளைச் சேமிக்கும் எப்சிடிக் குறியீட்டில் வெற்றெழுத்து பதினாறடிமான (ஹெக்ஸ்) 40 என்பதால், குறி இருக்கவேண்டிய கடைசி அரைபைட்டில் 0 நின்று, முதல் கூட்டலிலேயே நிரல் முறிந்திருக்கிறது.

இடைநிரலில் எண் புலங்களில் முதலிலேயே பூஜ்யத்தை இடும் ஒரேயொரு இனிஷியலைஸ் வரியைச் சேர்த்தோம். பல்லாண்டுகளாகப் பிசகாமல் கணக்கிட்ட மூல நிரலைத் தொடாமல் முடித்ததே எனக்குப் பெரிய நிம்மதி.