ஸ்பிரிங்ஸ்டீனின் 1995 தொகுப்பை வாங்கலாமா?

நண்பர்களே, அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' (1995) குறுந்தட்டு ஒன்று நல்ல நிலையில் கிடைக்கிறது. வாங்குவதா, விடுவதா என்று இரண்டு நாளாக மனம் ஊசலாடுகிறது.

மொத்தம் 18 பாடல்கள். கடைசி நான்குதான் என்னை இழுக்கின்றன. அதுவரை அவருடைய எந்த ஆல்பத்திலும் வராதவை. அவற்றில் சிலவற்றுக்காக தன் பழைய இசைக்குழுவான ஈ ஸ்ட்ரீட் பேண்டை மீண்டும் ஸ்டுடியோவுக்கு அழைத்தார். மற்ற 14 பாடல்களில் பெரும்பாலானவை அசல் ஆல்பங்களாகவே என்னிடம் இருக்கின்றன.

உறுத்துவது வேறு. 1973இல் வந்த முதல் இரண்டு ஆல்பங்களிலிருந்து ஒரு பாடல்கூட இல்லை. 'நெப்ராஸ்கா' ஆல்பத்திலிருந்து ஒன்றே ஒன்று, 'அட்லாண்டிக் சிட்டி'. வீட்டில் நான்கு தடக் கேசட் கருவியில் பதிவான ஆல்பம் அது. கிதாருக்குப் பின்னால் நாடாவின் மெல்லிய இரைச்சல்கூடக் கேட்கும். அந்தத் தனிமை, முழுதாகக் கேட்டால்தான் நெஞ்சில் இறங்கும். இங்கே அந்தப் பாடலைத் துள்ளலான 'ஹங்ரி ஹார்ட்'டுக்கும் 'டான்சிங் இன் த டார்க்'குக்கும் நடுவே வைத்திருக்கிறார்கள். எடுபடுகிறதா?

முழுத் தட்டையும் கேட்டவர்கள் சொல்லுங்கள்: அந்த நான்கு பாடல்களுக்காக வாங்கலாமா? என் தம்பிக்கு முதல் அறிமுகமாகக் கொடுக்க இது பொருந்துமா, ஆரம்பகாலப் பாடல்களும் அடங்கிய 2003ஆம் ஆண்டு 'எசென்ஷியல்' தொகுப்பு மேலா?