அவசரமாக யாழ்ப்பாணம் வந்துவிட்டேன், கார் ஸ்காபரோவில் பனிக்குள் நிற்கிறது: பழைய பற்றரியை என்ன செய்வது?

கொக்குவில் பெடியன்:
வணக்கம். அப்பாவுக்குத் திடீரென்று கடுமையாகிவிட்டது என்று வீட்டிலிருந்து போன் வந்தது. கிடைத்த ரிக்கெற்றில் ஓடி வந்து, இப்போது யாழ் போதனா வைத்தியசாலையில் அவரோடு நிற்கிறேன். பங்குனி வரை திரும்ப ஏலாது. கார் கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் நிற்கிறது. பற்றரி பழசு, நான் வெளிக்கிட முந்தியே காலையில் ஸ்ராட் எடுக்க முக்கியது. திரும்பிப் போனதும் வேலைக்குக் கார் இல்லாமல் முடியாது. புதுப் பற்றரி வாங்கும் நிலையில் இப்போது இல்லை. கெதியாக ஒரு வழி சொல்லுங்கள்.

ஒஸ்லோ அக்கா:
தம்பி, அப்பா கெதியாகச் சுகமாக வேண்டும். பற்றரியை விடுங்கள், குளிர்கால ரயர் போட்டிருக்கிறீர்களா? நான் நோர்வே வந்த முதல் வருடம் கைக்குழந்தையோடு பஸ்ஸுக்கு நடந்து இரண்டு தரம் சறுக்கி விழுந்தேன். எந்தச் சப்பாத்து வாங்குவது என்றுகூட ஒருவரும் சொல்லித் தரவில்லை. புதிதாகப் போகிற பிள்ளைகள் முதலில் பிடிமானத்தைக் கவனியுங்கள்.

மார்க்கம் அண்ணை:
இதற்கு ஏன் பயம்? தெரிந்த ஆள் யாரிடமாவது திறப்பைக் கொடுத்து, கிழமைக்கு ஒருதரம் ஐந்து நிமிடம் ஸ்ராட் பண்ணி நிறுத்தச் சொல்லுங்கள். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன்.

வினிபெக் மாமா:
அண்ணை, உங்கள் பற்றரி புதிது என்றபடியால் தாங்கியிருக்கும். பழசுக்கு அது கூடாது. ஸ்ராட் எடுக்கும்போது இழுபட்ட மின்சாரத்தை ஐந்து நிமிட ஓட்டம் திருப்பித் தராது. குளிர்ந்த பற்றரி சார்ஜை ஏற்பதே மெதுவாகத்தான். அதற்குள் ஹீற்றர் விசிறி, கண்ணாடிச் சூடேற்றி, லைற் எல்லாம் பங்கு கேட்கும். எடுத்தால் அரை மணி நேரமாவது வீதியில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் தொடாமல் விடுவது நல்லது.

பயப்பட வேண்டியது பற்றரி உறைவதற்குத்தான். முழுக்கச் சார்ஜ் ஏறிய பற்றரியின் அமிலம் மைனஸ் 50 பாகையிலும் உறையாது. முற்றாக இறங்கினால் அமிலம் நீர்த்துப்போய், மைனஸ் 10 பாகையை அண்டியே உறைந்து பெட்டி பிளந்துவிடும். ரொறன்ரோவில் தை மாதம் அந்தக் குளிர் சாதாரணம்.

சுன்னாகம் பற்றரிக்கடை:
தம்பி, நான் கனகாலமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இங்கே பற்றரியைக் கொல்வது வெயில். உள்ளே தண்ணீர் வற்றி, தகடு தின்றுபோகும். அதனால் காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டுப் பாருங்கள். கழற்றினால் சீமெந்துத் தரையில் வைக்க வேண்டாம், சார்ஜ் இறங்கிவிடும். மரப்பலகை போடுங்கள். தொண்ணூறுகளில் குடாநாட்டுக்குக் கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோவில் செய்தி கேட்டோம். அந்தக் காலத்தில் ஒரு கார் பற்றரியைப் பிள்ளை மாதிரிப் பார்ப்போம்.

வினிபெக் மாமா:
ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் சீமெந்துக் கதை பழைய மரப்பெட்டிப் பற்றரிகளுக்கு உரியது, இப்போதைய பிளாஸ்ரிக் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீரும் மூடி திறக்கக்கூடிய வகைக்குத்தான். கனடாவில் விற்பவற்றில் பெரும்பாலானவை மூடியே திறக்காதவை.

மார்க்கம் அண்ணை:
பற்றரி ஒருபக்கம் இருக்கட்டும். ஆபத்து அவசரத்துக்கு ஊருக்கு வர ரிக்கெற் என்ன விலை! வந்து இறங்கினால் "என்ன கொண்டு வந்தாய்" என்று கேட்கிறார்களே தவிர, அங்கே பேஸ்மென்ற் அறையில் இருந்து இரண்டு வேலை செய்வது யாருக்குத் தெரியும்?

ஒஸ்லோ அக்கா:
உண்மை தம்பி. பனி அள்ளிக் கை மரத்ததை வீட்டுக்குச் சொன்னால் அம்மா அழுவா என்று நான் சொல்வதே இல்லை.

நல்லூர் மருமகள்:
எல்லோருக்கும் பாரம் இருக்கிறது. ஆனால் இந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு கேட்கிறார். தம்பி, இதைச் சொல்லுங்கள்: கார் நிலக்கீழ்த் தரிப்பிடத்திலா, வெளியிலா? பக்கத்தில் கரண்ட் இருக்கிறதா? பற்றரிக்கு என்ன வயது? திறப்பு யாரிடம்? ஓட்டக் காப்புறுதியை நிறுத்தி வைத்தீர்களா?

கொக்குவில் பெடியன்:
நன்றி அக்கா. வெளியில்தான், வீட்டு முற்றத்தில். கரண்ட் எட்டாது. வாங்கும்போதே பழைய கார், பற்றரி ஆறு வருடம் என்று ஒட்டியிருக்கிறது. காப்புறுதியில் ஓட்டப் பகுதியை நிறுத்திவிட்டேன். திறப்பு கீழ்வீட்டு நண்பரிடம். வீதியைப் படம்பிடிக்கும் டாஷ்கேம் கமெரா ஒன்றும் பூட்டியிருக்கிறது, கார் நிற்கும்போதும் பதிவு செய்யும்.

வினிபெக் மாமா:
டாஷ்கேமை இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். சும்மா நிற்கிற கார் சாதாரணமாக 50 மில்லி அம்பியர் வரை இழுக்கும். அதுவே நாளுக்கு 1.2 அம்பியர்மணி (பற்றரி கொள்ளும் மின்சாரத்தை அளக்கும் அலகு), 50 அம்பியர்மணிப் பற்றரி மூன்று கிழமையில் பாதியாகிவிடும். டாஷ்கேம் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். வோல்ற் குறைந்தால் தானாக நிற்கிற வகை இல்லையென்றால் இரண்டு கிழமையும் தாங்காது.

காப்புறுதி நிறுத்தியபடியால் நண்பர் காரை வீதிக்கு எடுக்கவே கூடாது. ஆகவே ஓடுகிற யோசனையை விட்டுவிட்டுப் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பதுதான் உங்களுக்குச் சரி. 10ஆம் நம்பர் ஸ்பனர் பெரும்பாலும் போதும். முதலில் மைனஸ் கம்பி, பிறகு பிளஸ். பூட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசி. இந்த ஒழுங்கு மாறி ஸ்பனர் காரின் உலோக உடம்பில் பட்டால் பெரிய தீப்பொறி வரும். பெட்டி வீங்கியோ பிளந்தோ இருந்தால் சார்ஜ் போடவே வேண்டாம், உறைந்த பற்றரிக்குச் சார்ஜ் கொடுத்தால் வெடிக்கும்.

நல்லதாக இருந்தால் உள்ளே கொண்டுபோய்ச் சூடேற விட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்புக்குத் தள்ளி வைத்து, நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும் சார்ஜரில் போடச் சொல்லுங்கள். இரவல் வாங்கலாம். நிறைந்தபின் கழற்றி ஒரு இரவு விட்டு அளந்தால் 12.6 வோல்ற் காட்ட வேண்டும். 12.4க்குக் கீழே வந்தால் திரும்பவும் போட வேண்டும். நிறைந்து சில நாளிலேயே இறங்கினால் அது முடிந்த பற்றரி.

நல்லூர் மருமகள்:
பற்றரியில் ஏஜிஎம் (அமிலம் கண்ணாடி நாரில் ஊறியிருக்கும் வகை) என்று எழுதியிருந்தால் சார்ஜரையும் அந்த நிலைக்கு மாற்ற வேண்டும். கழற்ற முதல் நான்கு பக்கத்தையும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். றேடியோவுக்கு இரகசிய எண் கேட்கும் கார் என்றால் அதையும் தேடி வையுங்கள். பற்றரி இல்லாமல் ரிமோட் வேலை செய்யாது, கதவுக்கு உலோகத் திறப்புத்தான். அது நண்பரிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கொக்குவில் பெடியன்:
நண்பருடன் கதைத்தேன். டாஷ்கேம் வயர் கழற்றியாகிவிட்டது, உலோகத் திறப்பும் அவரிடம்தான். பெட்டி வீங்கவில்லை. 12.1 காட்டுகிறதாம். சனிக்கிழமை கழற்றி உள்ளே எடுப்பார், பக்கத்து வீட்டு ஐயாவிடம் சார்ஜர் இருக்கிறது.

வினிபெக் மாமா:
12.1 வோல்ற் என்றால் சார்ஜ் பாதிக்கும் கீழே. சனிக்கிழமைவரை பார்க்க வேண்டாம், இன்றிரவே உள்ளே எடுக்கச் சொல்லுங்கள். போய் இறங்கியதும் உதிரிப்பாகக் கடை ஒன்றில் சோதித்துப் பாருங்கள், பல இடங்களில் காசு வாங்குவதில்லை. காப்புறுதியைத் திரும்பத் தொடங்கிய பிறகுதான் ஓடலாம், மறக்க வேண்டாம்.