கேலடெட் பல்கலைக்கழகம்: லிங்கன் தொடங்கியதா? வகுப்பறை எப்படி இருக்கும்?

கேள்வி

காது கேளாதோருக்கான கேலடெட் பல்கலைக்கழகம் (வாஷிங்டன்) பற்றி மாணவர் மலருக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். அதை லிங்கன் தொடங்கினார் என்று பல இடங்களில் போட்டிருக்கிறது, சரிதானா? "அனைவரையும் அரவணைப்பது" என்கிறார்களே, அது நடைமுறையில் எப்படி இருக்கிறது?

பதில் 1

தொடங்கியவர் லிங்கன் அல்ல. நிலமும் வீடும் கொடுத்தவர் முன்னாள் அஞ்சல்துறைத் தலைவர் ஏமஸ் கெண்டல். 1857-இல் காது கேளாத, பார்வையற்ற குழந்தைகளுக்கான பள்ளியாக அங்கீகாரம் கிடைத்தது. அதன் பொறுப்பாளர் எட்வர்ட் மைனர் கேலடெட். அவருடைய தாய் சோஃபியா காது கேளாதவர். 1864 ஏப்ரல் 8 அன்று லிங்கன் கையெழுத்திட்டது பட்டம் வழங்கும் அதிகாரத்துக்கான சட்டத்தில். பெண்களுக்கு 1887-இல்தான் இடம் கிடைத்தது. பல்கலைக்கழகம் என்ற பெயர் 1986-இல் வந்தது.

1988-ஐ விட்டுவிடாதீர்கள். தலைவர் பதவிக்கான கடைசிச் சுற்றில் மூன்று பேர் இருந்தார்கள், இருவர் காது கேளாதவர்கள். மார்ச் 6 அன்று நிர்வாகக் குழு அறிவித்ததோ காது கேட்கும் மூன்றாமவரை. மாணவர்கள் வாயில்களை அடைத்தார்கள். கோரிக்கைகள் நான்கு: காது கேளாத தலைவர், குழுத் தலைவியின் ராஜினாமா, குழுவில் 51 சதவீதம் காது கேளாதோர், போராடியவர்கள்மீது நடவடிக்கை கூடாது. ஒரே வாரத்தில் நான்கும் ஏற்கப்பட்டன. ஐ. கிங் ஜோர்டன் முதல் காது கேளாத தலைவரானார்.

பதில் 2

இதோடு நிறுத்தினால் கட்டுரை பாதிதான். அதே வளாகத்தின் கெண்டல் பள்ளியில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பல பத்தாண்டுகள் இடமில்லை. அவர்களை பால்டிமோருக்கு அனுப்பினார்கள். லூயிஸ் மில்லர் என்ற தாய் மற்ற பெற்றோருடன் சேர்ந்து வழக்குப் போட்டு 1952-இல் வென்றார். அப்போதும் கிடைத்தது அதே வளாகத்தில் தனிக் கட்டடம். 1954-இல்தான் பிரிவினை நீங்கியது. அந்தத் தனிப்பிரிவில் படித்த 24 பேருக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது 2023-இல்! கல்லூரியின் முதல் கறுப்பினப் பட்டதாரி ஆண்ட்ரூ ஃபாஸ்டர் (1954). ஆப்பிரிக்காவில் காது கேளாதோருக்காக 30-க்கும் மேற்பட்ட பள்ளிகளைத் தொடங்கியவர் அவர்.

பதில் 3

வகுப்பறை பற்றி. 2005 முதல் அங்கே 'டெஃப்ஸ்பேஸ்' என்ற கட்டட வடிவமைப்பு முறை வளர்ந்தது. சைகையில் பேசிக்கொண்டே இருவர் அருகருகே நடக்கும்போது கண் கூட வருபவரின் கைமேல் இருக்கும், பாதைமேல் இருக்காது. அதனால் நடைகூடம் அகலம், மூலைகள் வளைவு. சுவருக்கு நீலம் அல்லது பச்சை. எந்தத் தோல் நிறத்துக்கும் கை எடுப்பாகத் தெரியும்.

இருக்கைகள் குதிரை லாட வடிவில், எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரியும்படி.

கேள்வி கேட்டவர்

சாதாரண வகுப்பறையில் இதைச் செய்ய முடியுமா?

பதில் 3

பெரும்பாலானதைச் செலவில்லாமலே செய்யலாம். முதலில் ஆசிரியரை ஜன்னலுக்கு முன்னால் நிற்கவிடாதீர்கள். பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் முகம் இருண்டுவிடும், உதடும் தெரியாது, கையும் தெரியாது. கரும்பலகையில் எழுதும்போது பேசக்கூடாது. கவனம் ஈர்க்க விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும்.

அதிகம் தவறுவது படக்காட்சியில். ஆசிரியர் படத்தைப் போட்ட கையோடு விளக்கத் தொடங்கிவிடுவார். காது கேளாத மாணவர் சைகை மொழிபெயர்ப்பாளரைப் பார்ப்பாரா, படத்தைப் பார்ப்பாரா? படத்தைப் போட்டுவிட்டு, அவர் கண் திரும்பி வரும்வரை காத்திருந்து பிறகு பேச வேண்டும். கலந்துரையாடலில் அடுத்துப் பேசுபவரைக் கையால் சுட்டிக்காட்டிவிட்டு ஒரு நொடி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் முதல் வாக்கியம் போய்விடும்.