ரீசெட் செய்த போனில் ஜிமெயில் உள்ளே விடமாட்டேங்குது, ஆத்தென்டிகேட்டரும் போச்சு. என்ன வழி?

மாங்கன்று_போச்சம்பள்ளி:

வணக்கம். சந்தூர் பக்கம் மாங்கன்று நர்சரி. எல்லாத்துக்கும் ஒரே ஜிமெயில்தான். கூகுள் மேப்பில் உள்ள நர்சரி பக்கம், டிரைவில் ஆர்டர் கணக்கு, வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் அதில் இருக்கு. ஆண்ட்ராய்டு போன் லோகோவிலேயே நின்னுபோனதால கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் கொடுத்தோம். பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் அழுத்தி ரெகவரி மோடில் ரீசெட் பண்ணிக் கொடுத்தாங்க.

இப்ப போன் ஆன் ஆகுது. வைஃபை கொடுத்ததும், இதில் முன்னாடி இருந்த கூகுள் அக்கவுண்டைக் கேட்குது. பாஸ்வேர்டு சரியா ஏத்துக்குது. அடுத்ததா ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் வரும் 6 இலக்கக் கோடு வேணுமாம். அந்த ஆப் இருந்ததே இந்தப் போனில்தான். வேற வழி கேட்டா பழைய நம்பருக்கு எஸ்எம்எஸ் அனுப்புறேங்குது. அந்த சிம் ஒரு வருஷமா ரீசார்ஜ் இல்லாம கிடக்கு. ஆப் இல்லாதப்போ உள்ளே போக கூகுள் முன்கூட்டியே தர்ற பேக்கப் கோடும் கையில் இல்லை. ஆபீஸ் லேப்டாப் குரோமில் மட்டும் அதே ஜிமெயில் இன்னும் திறந்திருக்கு.

கடைக்காரர் 800 ரூபாய் கொடுத்தா லாக்கை எடுத்துத் தர்றேங்கிறார். கொடுக்கலாமா?

ஓசூர்_சிஸ்டம்ஸ்:

காசு கொடுக்காதீங்க. லேப்டாப்பில் திறந்திருக்குன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஆனா அதில் சைன் அவுட் கொடுக்கக் கூடாது, ஹிஸ்டரி, குக்கீஸ் எதையும் அழிக்கக் கூடாது, சிகிளீனர் மாதிரி குப்பை அழிக்கிற சாஃப்ட்வேர் எதையும் ஓட்டக் கூடாது. பாஸ்வேர்டையும் இப்ப மாத்த வேண்டாம். மாத்தினா மத்த இடங்களில் அக்கவுண்ட் சைன் அவுட் ஆகும், புதுச் சிக்கல்தான் வரும்.

முதல் வேலையா டிரைவில் இருக்கிற ஆர்டர் கணக்கை லேப்டாப்பில் டவுன்லோடு பண்ணிக்கோங்க. அடுத்து என்ன ஆனாலும் அது கையில் இருக்கும்.

அப்புறம் ஜிமெயிலில் மேல் வலது மூலையில் இருக்கும் வட்டப் படத்தைத் தொட்டு, மேனேஜ் யுவர் கூகுள் அக்கவுண்ட், அதில் செக்யூரிட்டி, அதில் 2-ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்டுக்கு அடுத்து கோடு கேட்கிற இரண்டாம் படி). திரும்ப பாஸ்வேர்டு கேட்கும். முன்னாடி லாகின் பண்ணும்போது 'இந்தக் கருவியில் மறுபடி கேட்காதே' டிக் விழுந்திருந்தா பெரும்பாலும் பாஸ்வேர்டோட விட்டுடும். உள்ளே போனதும் வரிசை முக்கியம்:

1. பேக்கப் கோட்ஸ். 8 இலக்கத்தில் 10 கோடு வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே டிரைவில் போடாம, பேப்பரில் பிரிண்ட் எடுங்க.
2. ஆத்தென்டிகேட்டரை மாற்றும் இடம். புது க்யூஆர் காட்டும். வீட்டில் வேற யார் போனிலாவது ஆப்பைப் போட்டு ஸ்கேன் பண்ணுங்க. அந்த ஆப் வேலை செய்ய உங்க ஜிமெயில் அதில் இருக்கணும்னு அவசியமில்லை, நெட்டும் வேண்டாம். புதுசு ஏறினதும் பழைய போனின் கோடு செல்லாது.
3. ரெகவரி நம்பரில் செத்த சிம்மை எடுத்துட்டு இப்ப பேசுற நம்பரைப் போடுங்க. 2-ஸ்டெப் பக்கத்திலும் நம்பர் தனியா இருக்கும், ரெண்டு இடத்திலும் பாருங்க.

இது முடிஞ்சதும் ரீசெட் ஆன போனில் பாஸ்வேர்டு, அடுத்து கோடு கேட்கும் இடத்தில் வேறு வழி, பேக்கப் கோடு. அவ்வளவுதான்.

லேப்டாப்பிலும் இரண்டாம் படியைக் கேட்டு அடம்பிடிச்சா, அதே லேப்டாப், அதே குரோம், அதே ஆபீஸ் நெட்டில் இருந்து கூகுளின் அக்கவுண்ட் ரெகவரி பக்கத்துக்குப் போங்க. வழக்கமா வர்ற கருவியா, வழக்கமான இடமான்னு அது பார்க்கும். பெங்களூர் போய் வேற கம்ப்யூட்டரில் முயற்சி பண்ணினா அந்த பலம் போயிடும். சில சமயம் உடனே முடிவு சொல்லாம சில மணி நேரமோ சில நாளோ காத்திருக்கச் சொல்லும். அந்த இடைவெளியில் திரும்பத் திரும்பத் தட்டாதீங்க.

அரூர்_செல்போன்_சர்வீஸ்:

கடைக்காரர் சொல்ற லாக்குக்கு எஃப்ஆர்பி, அதாவது ஃபேக்டரி ரீசெட் புரொடெக்ஷன்னு பேரு. ஆண்ட்ராய்டு 5.1-ல் இருந்து இருக்கு. திருடினவன் ரீசெட் பண்ணி வித்துடக் கூடாதுன்னு வச்சது. செட்டிங்ஸில் போய் முறையா ரீசெட் பண்ணினா வராது. பட்டன் அழுத்தி ரெகவரி மோடில் பண்ணினா வரும், உங்களுக்கு வந்தது அதனாலதான்.

800 ரூபாய்க்கு அவர் திறக்கப் போறது வெறும் போனை. ஜிமெயில் கூகுளிடம் இருக்கு, அது அப்படியே பூட்டித்தான் இருக்கும். பிளே ஸ்டோருக்கு வெளியே எங்கிருந்தோ இறக்கின ஏபிகே (ஆப் ஃபைல்) ஏறின போனில் அப்புறம் பேங்க் ஆப் வேற போடுவீங்க. தேவையா?

காசில்லாத வழி ரெண்டு இருக்கு. அக்கவுண்ட் கேட்கும் அந்தத் திரையிலோ அதுக்கு முந்தின திரையிலோ பழைய பின் அல்லது பேட்டர்ன் போடும் வழி காட்டுதான்னு பாருங்க. ரீசெட்டுக்கு முன்னாடி ஸ்கிரீன் லாக் இருந்திருந்தா பல போன்களில் அது வரும், அதை வரைஞ்சாலே செட்டப் தொடரும். இன்னொண்ணு, அதே போனில் வேற ஜிமெயிலும் போட்டு வச்சிருந்தீங்கன்னா அதைக் கொடுத்தும் திறக்கலாம். நர்சரி ஜிமெயில்தான் வேணும்னு இல்லை.

பாஸ்வேர்டு மாத்தினவங்க 24 மணி நேரம் கழிச்சுத்தான் போனை ரீசெட் பண்ணணும்னு கூகுளே சொல்லியிருக்கு. நீங்க மாத்தாம இருக்கிறது நல்லதாப் போச்சு.

மொரப்பூர்_ஜங்ஷன்:

பழைய சிம் பற்றி யாரும் சொல்லலை. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத நம்பரைக் கம்பெனி ரத்து செய்யலாம். பிறகு அது வேறு ஒருவருக்குப் போகும். ஒரு வருடம் ஆகிவிட்டதால், அந்த நம்பருக்கு வேறு போனிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். யாராவது எடுத்தால் உங்கள் ஓடிபி இப்போது அவர் கைக்குப் போகிறது என்று அர்த்தம். ஆகவே மேலே சொன்ன மூன்றாவது வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

நம்பர் இன்னும் உங்கள் பெயரில் இருந்து டூப்ளிகேட் சிம் வாங்கினாலும், முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. சிம் மாற்று மோசடிக்காகத் தொலைத்தொடர்புத் துறை வைத்த விதி அது. சிம் போட்ட கையோடு 'ரீசெண்ட்' அழுத்திக்கொண்டே இருந்தால் ஓடிபியும் வராது, முயற்சிகள் அதிகம் என்று கூகுளும் நிறுத்திவிடும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் பெங்களூரில் எடுத்த நம்பர் வைத்திருப்பவர்கள், அது வேறு மாநில நம்பர் என்பதால், இங்குள்ள ஷோரூமில் டூப்ளிகேட் தருவார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கூகுள் கஸ்டமர் கேர் என்று நெட்டில் கிடைக்கும் பத்து இலக்க நம்பருக்கு மட்டும் கூப்பிட வேண்டாம். அக்கவுண்ட் மீட்க கூகுள் போனில் ஆள் வைத்திருக்கவில்லை. உங்கள் திரையைத் தூரத்திலிருந்து பார்த்து இயக்க விடும் எனிடெஸ்க் ஆப்பைப் போடச் சொல்பவன் மோசடிக்காரன். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

மாங்கன்று_போச்சம்பள்ளி:

லேப்டாப்பில் பாஸ்வேர்டு மட்டும் கேட்டு விட்டுடுச்சு. பேக்கப் கோடு பிரிண்ட் எடுத்தாச்சு, நம்பரும் மாத்தியாச்சு. பேட்டர்ன் கேட்கும் திரை வரலை, ஆனா பேக்கப் கோடு போட்டதும் போன் திறந்துடுச்சு. ரொம்ப நன்றிங்க. வாட்ஸ்அப் இன்னும் போடலை. வீட்டுக்காரம்மா போனில் க்யூஆர் ஸ்கேன் பண்ணினா, அதில் வர்ற கோடு தப்புன்னு சொல்லுது, ஏன்?

ஓசூர்_சிஸ்டம்ஸ்:

அந்தப் போனில் கடிகாரம் தப்பா ஓடுதுன்னு நினைக்கிறேன். கோடு ரகசியச் சாவியையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு 30 வினாடிக்கு ஒண்ணு வருது. நேரம் சில நிமிஷம் பிசகினா எல்லாக் கோடும் தப்பு. தேதி நேரத்தைத் தானியங்கியில் வைங்க, சரியாயிடும்.

2023 ஏப்ரலில் இருந்து ஆத்தென்டிகேட்டரை கூகுள் அக்கவுண்டோட சின்க் பண்ணலாம். ஆனா நர்சரி ஜிமெயிலின் கோடை அதே ஜிமெயிலில் சின்க் பண்றது வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளயே வச்சுப் பூட்டுற மாதிரி. அடுத்த தடவை க்யூஆர் வரும்போது ரெண்டு போனில் ஸ்கேன் பண்ணுங்க, ரெண்டிலும் ஒரே கோடு வரும். பழைய ஆப்பில் டீமேட், ஃபேஸ்புக் கோடும் இருந்திருந்தா அதெல்லாம் இதோட வராது. ஒவ்வொண்ணையும் அந்தந்த இடத்தில் தனியா மாத்தணும்.

அரூர்_செல்போன்_சர்வீஸ்:

வாட்ஸ்அப் போடுறதுக்கு முன்னாடி பேக்கப் இருந்த ஜிமெயில் போனில் ஏறியிருக்கான்னு பார்த்துக்கோங்க, நம்பரும் அதே நம்பரா இருக்கணும். 'ரீஸ்டோர்' கேட்கும்போது அவசரத்தில் 'ஸ்கிப்' அழுத்திடாதீங்க. வெறும் போனில் இருந்து புது பேக்கப் ஓடினா பழசு மேலயே ஏறிடும். வாட்ஸ்அப்புக்கு நீங்க வச்ச 6 இலக்க பின்னைக் கேட்டு, அது மறந்திருந்தா, ஈமெயில் கொடுத்து வச்சிருந்தா அதில் மாத்தலாம், இல்லைன்னா 7 நாள் காத்திருக்கணும். பேக்கப்பை என்க்ரிப்ட் பண்ணி வச்சிருந்தா அதோட பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ இல்லாம திறக்க முடியாது, வாட்ஸ்அப்காரங்களாலயும் முடியாது.

மொரப்பூர்_ஜங்ஷன்:

பிரிண்ட் எடுத்த கோடுகளில் இன்று பயன்படுத்தியதை அடித்துவிடுங்கள். ஒன்று ஒரு தடவைக்குத்தான். மீதி ஒன்பது. புதிதாகப் பத்து எடுத்தால் பழைய தாள் மொத்தமும் செல்லாது, அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளை வையுங்கள்.