கொடியை ஏற்றினால் இழை நின்றுவிடுமா?

அரவம்:
பல இழைகளில் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் நடக்கும் தனித்தனி ஓட்டங்களில்) ஓடும் ஜாவா நிரலை எப்படி நிறுத்துவது என்று நேற்று ஒரு புதியவர் கேட்டார். "ஒரு வாலடைல் பூலியன் மாறியை, அதாவது ஓர் இழை மாற்றினால் மற்ற இழைகளுக்கும் தெரியும் ஆம்-இல்லை கொடியை, வைத்துச் சுற்றின் தலையில் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் வெறும் பயமுறுத்தல்" என்று இங்குள்ள நேர்வழி என்பவர் அவருக்கு விடையளித்து, நன்றியையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். கேட்டவரின் நிரலை அவர் படித்தாரா என்பதே எனக்கு ஐயமாக இருக்கிறது. அதில் இழைகள் சுற்றிக்கொண்டிருக்கவில்லை. வேலை வரிசையிலிருந்து அடுத்ததை எடுக்கும் டேக் அழைப்பில் உறங்கிக்கொண்டிருக்கின்றன. வரிசையில் ஏதேனும் வந்து விழும்வரை அந்த அழைப்பு திரும்பாது, அது திரும்பும்வரை சுற்றின் தலைப்பக்கம் யாரும் வரப்போவதில்லை, வராதவனுக்கு நீங்கள் ஏற்றிய கொடி எப்படித் தெரியும்? முதன்மை இழையோ, மற்றவை முடியும்வரை காத்திருக்கும் ஜாயின் அழைப்பில் நின்று விடியும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நேர்வழி:
நான் 11 ஆண்டுகளாக இதே கொடியைக் கொண்டுதான் நிரல்களை நிறுத்தி வருகிறேன். ஒன்றுகூடத் தொங்கி நின்றதில்லை. டேக் இருக்கும் இடத்தில் கெடு வரை மட்டும் காத்திருக்கும் "போல்" (poll) அழைப்பை எழுதினால், இழை 100 மில்லிநொடிக்கு ஒருமுறை எழுந்து கொடியைப் பார்த்துக்கொள்ளும். இதற்கு இத்தனை பெரிய குற்றப்பத்திரிகை தேவையில்லை.

அரவம்:
நேற்று கொடி மட்டுமே போதுமாக இருந்தது, இன்று கொடியும் கெடுவும் வேண்டியிருக்கிறது. நாளைக்குள் இன்னும் என்னென்ன சேரும் என்று காத்திருக்கிறேன். செய்ய வேலையே இல்லாத 200 இழைகள் நொடிக்குப் பத்து முறை எழுந்து, கொடியைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வதைத் தீர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உறங்குபவனை எழுப்புவதற்கென்றே, ஓர் இழைக்கு இன்னோர் இழை அனுப்பும் இன்டரப்ட் என்ற குறுக்கீடு இருக்கிறது. டேக்கில் நிற்கும் இழை அதைப் பெற்றவுடன் விதிவிலக்கோடு (வழக்கமான ஓட்டத்தை முறிக்கும் அறிவிப்போடு) வெளியே வந்துவிடும். அந்த விதிவிலக்கைப் பிடித்து வெற்றுக் கேட்ச் தொகுதியில் புதைத்துவிடுவோர் தனிச் சாதி. விதிவிலக்கு எழும்போதே இன்டரப்ட் வந்ததைக் குறிக்கும் நிலை அழிந்துவிடுகிறது என்பதையும், திரும்ப அமைக்காவிட்டால் மேலே உள்ள சுற்றுக்குச் செய்தி போய்ச் சேராது என்பதையும் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நேர்வழி:
இன்டரப்டும் உள்ளே ஒரு கொடிதான். ஆகவே கொடி போதும் என்று நான் சொன்னதையே நீங்கள் நான்கு பத்தியில் சொல்லியிருக்கிறீர்கள்.

மூன்றாம்பிறை:
இருவரும் "நிறுத்துதல்" என்று எதைச் சொல்கிறீர்கள்? எடுத்த வேலையை முடித்துவிட்டு நிற்பதையா, வரிசையில் மிச்சம் இருப்பதையும் தீர்த்துவிட்டு நிற்பதையா, இருந்த இடத்திலேயே கைவிடுவதையா? இதைச் சொல்லாமல் எது போதும் என்று எப்படி முடிவு செய்வது?

அரவம்:
இன்டரப்ட் என்பது கொடியும் அதோடு ஒரு தட்டியெழுப்பலும் சேர்ந்தது. உங்கள் பூலியன் யாரையும் தட்டாது. நான் சொன்னது இரண்டு பத்தி என்பதையும் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். சென்ற மாதம், ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் உள்ளே விடும் மியூட்டெக்ஸ் என்ற பூட்டைப் பற்றிய வாதத்திலும் இப்படித்தான், தோற்கும் இடம் வந்தவுடன் சொல்லின் பொருளை மாற்றினீர்கள்.

பழைய முனையம்:
அரவம் இன்டரப்டைப் புகழும் வேகத்தில் ஒன்றை விழுங்கிவிட்டார். பழைய பாணிச் சாக்கெட்டில், அதாவது பிணைய இணைப்பின் முனையில், தரவு வரக் காத்து ரீட் அழைப்பில் நிற்கும் சாதாரண ஜாவா இழை இன்டரப்டைக் கண்டுகொள்வதே இல்லை.

அரவம்:
விழுங்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அங்கே வேறொரு இழையிலிருந்து சாக்கெட்டை மூட வேண்டும்; ரீடில் நின்றது விதிவிலக்கோடு எழுந்துவிடும்.

பழைய முனையம்:
லினக்ஸில் சி மொழியில் அதையே செய்து பாருங்கள். ஓர் இழை ரீடில் நிற்கும்போது மற்றோர் இழை குளோஸ் அழைத்தால் நின்றது எழுவதில்லை. போதாக்குறைக்கு, அந்தச் சாக்கெட்டுக்கு இயங்குதளம் தந்திருந்து விடுபட்ட அதே எண் புதிதாகத் திறக்கும் வேறொரு கோப்புக்குப் போய்ச் சேரலாம். முதலில் இணைப்பை முறிக்கும் ஷட்டவுன் அழைக்க வேண்டும். சாக்கெட்டை "மூட வேண்டும்" என்று பொதுவாகச் சொல்லிச் செல்வதும், கொடி போதும் என்பதும் எனக்கு ஒரே தரமாகத்தான் தெரிகின்றன.

அரவம்:
கேள்வி ஜாவாவைப் பற்றியது. ஜாவாவில் மூடினால் எழும், அதன் ஆவணமே அப்படித்தான் உறுதியளிக்கிறது. கேட்காத மொழிக்கு விடை சொல்லிப் பெருமை சேர்த்துக்கொள்ள நான் வரவில்லை. ஆனால் நீங்களே சி பக்கம் இழுத்துவிட்டதால் இதையும் கேளுங்கள்: நேர்வழியின் வாலடைல், சியிலோ சி++இலோ இழைகளுக்கு இடையே எந்த உறுதியும் தராது, அதற்குத்தான், இழைகள் பாதுகாப்பாகப் பகிர்ந்துகொள்ளும் அட்டாமிக் மாறி 2011இல் அம்மொழிகளின் தரத்துக்குள் வந்தது. ஜாவாவில் அது ஒழுங்காக வேலை செய்வதும் 2004இல் வந்த ஐந்தாம் பதிப்பின் நினைவக விதிகளால்தான்.

நேர்வழி:
ஆக, ஜாவாவில் என் வாலடைல் சரியாக வேலை செய்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இதைச் சேமித்து வைத்துக்கொள்கிறேன்.

பழைய முனையம்:
உண்மையில் எனக்கு இந்தச் சண்டையே வீண் என்று படுகிறது. நிரலை உடனே கொல்லும் சிக்கில் (SIGKILL) சைகையை எந்த நிரலாலும் பிடிக்க முடியாது, மின்சாரமும் சொல்லிவிட்டுப் போவதில்லை. அப்படிச் செத்தாலும் தரவு பிழைத்திருக்குமாறு எழுதிவிட்டால், இழைகளை ஒவ்வொன்றாக வழியனுப்பும் சடங்கு எதற்கு? நான் நேராகவே கொன்றுவிடுகிறேன்.

அரவம்:
நிரலைக் கொல்வது வேறு, நிரலுக்குள் ஓர் இழையை மட்டும் கொல்வது வேறு. பூட்டைப் பிடித்திருக்கும் இழையைக் கொன்றால், அது பாதி மாற்றிவைத்த தரவை மற்ற இழைகள் முழுமையானது என்று நம்பிப் படிக்கும். இழையை வெளியிலிருந்து கொல்லும் த்ரெட் ஸ்டாப்பை 1998இலேயே பயன்படுத்த வேண்டாம் என்று ஒதுக்கியதும், ஜாவா 20இல் அழைத்தாலே விதிவிலக்கு எறியுமாறு மாற்றியதும் இதனால்தான். முழு நிரலைக் கொல்பவர்கூடப் பாதியில் நிற்கும் கோரிக்கைக்கு விடை சொல்லிவிட்டுப் போகலாம். நிரல்களைக் கொள்கலன்களில் ஓட்டும் டாக்கர், முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்டெர்ம் (SIGTERM) சைகையை அனுப்பிவிட்டு இயல்பாக 10 நொடியும், கொள்கலன்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் 30 நொடியும் கொல்லும் முன் காத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. அந்த 30 நொடியையும் டேக்கில் உறங்கியே கழிக்கும் நிரல்களைத்தான் நேர்வழியின் விடை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது.

மூன்றாம்பிறை:
என் கேள்வி இன்னும் மேலேயே இருக்கிறது. வரிசையில் மிச்சம் இருப்பதை என்ன செய்வது? ஒவ்வோர் இழைக்கும் ஒன்று என்று, இனி வேலை இல்லை எனச் சொல்லும் முடிவுக் குறிகளை வரிசையின் வாலில் போட்டால், மிச்சமும் தீரும், உறங்குபவையும் எழும். அதில் பூலியனும் இல்லை, இன்டரப்டும் இல்லை.

நேர்வழி:
முடிவுக் குறியும் ஒரு கொடிதான்.

அரவம்:
இவருக்கு எல்லாமே கொடிதான். உலகில் தெருவிளக்கு எரிந்தாலும் அதையும் பூலியன் என்பார். மூன்றாம்பிறை சொன்ன முறை, வரிசை நிரம்பியிருந்தால் குறியைப் போட வந்தவரையே நிறுத்தி வைத்துவிடும், அதைப் பிறகு தனியாகப் பேசலாம். என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை: டேக்கில் நிற்கும் இழைக்கு உங்கள் கொடியை யார் போய்க் காட்டுவார்?

நேர்வழி:
விடை முதலிலேயே வந்துவிட்டது. 100 மில்லிநொடி.