துவாலு: கட்சிகளே இல்லாத நாட்டில் ஆட்சி அமைவது எப்படி?

கேள்வி:
வணக்கம். பசிபிக் தீவு நாடான துவாலுவில் 2024 ஜனவரி 26 அன்று நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. அங்கே அரசியல் கட்சிகள் கிடையாது என்று படித்தேன். அப்படியானால் மக்கள் எதைப் பார்த்து வாக்களிக்கிறார்கள், பிரதமரை முடிவு செய்பவர் யார் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
எட்டுத் தீவுத் தொகுதிகள், தொகுதிக்கு இருவர் என மொத்தம் 16 உறுப்பினர்கள். நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ 11,000 என்பதால், வேட்பாளர் எந்தக் குடும்பத்தவர், முன்பு என்ன பணியில் இருந்தார் என்பதெல்லாம் தீவில் பலருக்கும் நேரடியாகத் தெரியும். உறவும், தீவுப் பெரியவர்களின் மன்றத்தில் அவருக்குள்ள மதிப்பும் கொள்கையைவிட எடை மிகுந்தவை. கட்சிகளைச் சட்டம் தடுக்கவில்லை. இவ்வளவு சிறிய ஊரில் அவற்றுக்குத் தேவை எழவில்லை என்பது என் கணிப்பு. பிரதமரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. வென்ற உறுப்பினர்கள் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் கூடி, பேரம் பேசி, தங்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2024இல் மோசமான வானிலையால் வெளித்தீவு உறுப்பினர்களின் படகுப் பயணம் தடைப்பட்டதால், அந்தத் தேர்வே பிப்ரவரி இறுதிவரை தள்ளிப்போனது.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரிதான். ஆனால் கட்சி இல்லையென்றால் கட்சித்தாவலும் இல்லை என்று மகிழ்ந்துவிட வேண்டாம். கொறடா இல்லாத அவையில் ஓரிருவர் மனம் மாறினாலே ஆட்சி கவிழும். 2010 செப்டம்பரில் பிரதமரான மாட்டியா டோஃபா, அதே ஆண்டு டிசம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பதவியிழந்தார். அவருக்குப் பின் வந்த வில்லி தெலாவி, 2013இல் ஓர் இடைத்தேர்தலால் பெரும்பான்மையை இழந்த பிறகும் அவையைக் கூட்டுவதில் இழுபறி செய்ய, முடியாட்சியின் பிரதிநிதியான தலைமை ஆளுநரே அவரைப் பதவிநீக்க நேர்ந்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சீனாவுக்குப் பதிலாகத் தைவானை அங்கீகரிக்கும் தூதரக உறவு, துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேற வழிசெய்து, பாதுகாப்பு உடன்பாடுகளில் அந்நாட்டின் இசைவைக் கோரும் ஃபலேபிலி ஒப்பந்தம் போன்ற பெரிய விவகாரங்களில் வாக்காளர் தம் கருத்தை எப்படித் தெரிவிப்பார்?

மறுமொழி 3:
தெளிவாகத் தெரிவிக்க வழியில்லை என்பதே இம்முறையின் பெருங்குறை. 2024 தேர்தலில், தைவானை ஆதரித்த அப்போதைய பிரதமர் கௌசியா நட்டானோ தம் தொகுதியிலேயே தோற்றார். தைவான் உறவை மறுபரிசீலனை செய்யலாம் என்ற நிதியமைச்சர் செவே பெனியு அவைக்குத் திரும்பினார். இதைக் கொண்டு மக்கள் தைவானை நிராகரித்தார்கள் என்று சில வெளிநாட்டு நோக்கர்கள் அவசரப்பட்டு எண்ணினர். ஆனால் உறுப்பினர்கள் போட்டியின்றிப் பிரதமராக்கியது முன்னாள் தலைமை வழக்கறிஞர் ஃபெலெட்டி டியோவை. அவர் அரசு தைவானையே தொடர்ந்து அங்கீகரித்தது. ஃபலேபிலி ஒப்பந்தத்தை எதிர்த்த முன்னாள் பிரதமர் எனெலே சோபோவாகா மீண்டும் வென்றார். ஒப்பந்தமோ 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது.